கோமோவை நடந்தே பாக்கணும்னா: மதிலுக்குள்ள போறதா, ஏரிக்கரையா, புருனாத்தே மலையா?

இத்தாலியில மிலன்ல தங்கிட்டு ஒரு நாள் பக்கத்து ஏரிக்கரை ஊரான கோமோ போறவங்கள்ல முக்கால்வாசி பேர் ரயில்ல இருந்து இறங்கினதும் நேரா படகுத்துறைக்குப் போய் அதே ஏரிக்கரையில இருக்கற பெல்லாஜியோங்கற ஊருக்கு போட்ல ஏறிடறாங்க. ஊரைப் பாக்கறதே இல்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, ஏன்னா கைடு, குரூப் டூர் எதுவும் இல்லாம கையில ஒரு மேப்போட நாமளே சுத்திப் பாக்க இவ்வளவு வசதியான ஊர் கிடைக்கறது கஷ்டம். அரை நாள்தான் இருக்குன்னா மூணு வழி இருக்கு: மதிலுக்குள்ள இருக்கற பழைய நகரம், வில்லா ஓல்மோ வரைக்கும் ஏரிக்கரை நடை, இல்லன்னா ஃபுனிகுலர், அதாவது கயிறு இழுத்து மலைச்சரிவுல ஏத்தற ரயில், ஏறி புருனாத்தே. என் ஓட்டு முதல் வழிக்குத்தான், ஏன்னு சொல்றேன்.

பழைய நகரம் ஜூலியஸ் சீசர் காலத்துல போட்ட ரோமன் ஊர், தெருவெல்லாம் இன்னிக்கும் கட்டம் கட்டமா நேரா போகுது, அதனால வழி தவறவே தவறாது. 1127ல மிலன்காரங்க இந்த ஊரை அடிச்சு நொறுக்கிட்டாங்க, அப்புறம் பேரரசர் பார்பரோசா தயவுல மதில் திரும்ப எழும்பிச்சு. அந்த மதிலோட வாசல்தான் 1192ல கட்டின போர்த்தா தோர்ரே, கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம். வெளியில நின்னு பாத்தா முரட்டுக் கல் கோபுரம், அதையே உள்ள போய்த் திரும்பிப் பாருங்க, ரெண்டு ரெண்டு வளைவா அடுக்கடுக்கா திறந்தே கிடக்கும், பெரிய அலமாரிக்குக் கதவு போட மறந்த மாதிரி. எதிரிக்குக் காட்டற பக்கம் ஒண்ணு, ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. நிறைய பேர் அந்த வாசலுக்குள்ள நுழைஞ்சதும் திரும்பிப் பாக்காமலே நடந்து போயிடறாங்க, தயவுசெஞ்சு நீங்க அப்படிப் போயிடாதீங்க.

அங்கேருந்து சான் ஃபெதேலே சதுக்கம், அந்தக் காலத்து தானியச் சந்தை, மரச்சட்டம் வச்ச பழைய வீடுகள் ரெண்டு இன்னும் நிக்குது. சர்ச்சோட பின்பக்கம் போனா வாசல்ல செதுக்கின விநோத மிருகங்களையும் பாக்கலாம். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தா துவோமோ, அதாவது ஊரோட கதீட்ரல். 1396ல ஆரம்பிச்சு, யுவாராங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணின டோமோட 1770லதான் வேலை முடிஞ்சிருக்கு. முகப்புல நடு வாசலுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கறது புனிதர்கள் இல்ல, இந்த ஊர்ல பிறந்த ரோமன் எழுத்தாளர்கள் ரெண்டு பிளினி, மாமாவும் மருமகனும். ரெண்டு பேருமே கிறிஸ்தவங்க கிடையாது, பெரியவர் 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப இறந்தவர். கதீட்ரல் வாசல்லயே அவங்களை உக்கார வச்சிருக்காங்கன்னா இந்த ஊருக்குத் தன் பிள்ளைங்க மேல எவ்வளவு பெருமை இருக்கணும்! வடக்கு வாசல்ல ஒரு தவளை செதுக்கியிருக்கு, தேடிப் பாருங்க. பக்கத்துலயே ஒட்டினாப்புல வெள்ளை, சாம்பல், சிவப்புக் கல்லுல பட்டை பட்டையா இருக்கறது 1215ல கட்டின ப்ரோலெத்தோ, பழைய நகர மன்றம். சர்ச்சைப் பெருசாக்கறதுக்காக இதுல ஒரு பகுதியை இடிச்சுட்டாங்க.

துவோமோவுக்குப் பின்னாடி தண்டவாளத்தைத் தாண்டினா தெர்ராஞ்ஞிங்கற ஆர்க்கிடெக்டோட காசா தெல் ஃபாஷோ, 1936ல முடிஞ்சது, முசோலினி கட்சி ஆபீஸா கட்டினது. கட்டினவங்க அரசியல் அருவருப்பானது, ஆனா கட்டடக்கலை படிக்கறவங்க இந்த வெள்ளைக் கட்டடத்தைப் பாக்கறதுக்குன்னே கோமோ வராங்க. இப்ப வரி, சுங்கக் குற்றங்களைப் பாக்கற போலீஸ் படை உள்ள இருக்கு, அதனால வெளிய நின்னு பாத்துக்க வேண்டியதுதான்.

இப்ப ஏரிக்கரைக்கு வருவோம். சமதளம், வீல்சேர், குழந்தை வண்டி எல்லாம் சுகமா போகும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா மறுபேச்சு இல்லாம இதைத்தான் எடுக்கணும். பேட்டரி கண்டுபிடிச்ச வோல்டா இந்த ஊர்க்காரர், அவருக்காகக் கட்டின தெம்பியோ வோல்தியானோ மியூசியம் கரையிலயே இருக்கு, பழைய 10,000 லிரா நோட்டுல இருந்ததும் இதேதான். 1899 கண்காட்சியில தீப்பிடிச்சு அவரோட கருவிகள் நிறைய எரிஞ்சு போச்சு, தப்பிச்சதும் திரும்பச் செஞ்சதும்தான் உள்ள இருக்கு. பக்கத்துல முதல் உலகப் போர் நினைவுக் கோபுரம். அந்தோனியோ சாந்த்'எலியான்னு கோமோவுல பிறந்த ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச ஒரு ஸ்கெட்ச்சை வச்சு 1933ல எழுப்பினாங்க. அவரே 1916ல அதே போர்ல செத்துப்போனவர். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பாத்தா மனசு கனத்துடும். அதுக்கப்புறம் வில்லா ஓல்மோ வரைக்கும் தண்ணி ஓரமாவே பாதை, அழகுதான், நான் மறுக்கல, ஆனா ஏரி அழகு பக்கத்து ஊர்கள்லயும் கிடைக்கும், போர்த்தா தோர்ரேவும் பிளினியும் கோமோவுல மட்டும்தான்.

புருனாத்தே பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 1894ல இருந்து ஓடற ஃபுனிகுலர், ஏழு நிமிஷத்துல கடல் மட்டத்துல இருந்து 700 மீட்டருக்கு மேல இருக்கற ஊர்ல கொண்டு போய் விட்டுடும். அங்கேருந்து இன்னும் மேல நடந்து வோல்டா கலங்கரை விளக்கத்துல 143 படி ஏறினா, வானம் தெளிவா இருந்தா ஆல்ப்ஸ் தெரியும். மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது, வீக்கெண்ட்ல க்யூவும் நிக்கணும். நாள் முழுக்க இருக்கறவங்களுக்கு ஓகே, அரை நாளுக்கு வேண்டாம்.

மதில் நகரத்தை எடுத்தீங்கன்னா இன்னொரு விஷயம். மதிலுக்கு வெளிய சாந்த்'அப்போந்தியோன்னு ஒரு சர்ச் இருக்கு, 1095ல போப் இரண்டாம் உர்பான் வந்து அர்ப்பணிச்சது, ரெட்டை மணிக்கோபுரம், உள்ள பீடத்துக்குப் பின்னாடி வளைஞ்ச சுவர் முழுக்க 14ஆம் நூற்றாண்டு ஓவியம். தூங்கிட்டு இருக்கற மூணு ராஜாக்கள்கிட்ட தேவதூதர் வர்ற காட்சி அதுல ஒண்ணு. கூட்டமே இருக்காது. துவோமோ பாத்துட்டு அப்புறம் போலாம்னு விட்டா கால் வலிச்சு விட்டுடுவீங்க, அதனால இதை முதல்ல வச்சுக்கோங்க.

அதுக்கு வசதியா, மிலன்ல இருந்து போறப்ப சென்ட்ராலே ஸ்டேஷன்ல ஏறி கோமோ சான் ஜொவான்னில இறங்குங்க, சாந்த்'அப்போந்தியோ, போர்த்தா தோர்ரே, சான் ஃபெதேலே, துவோமோன்னு நடந்து வந்தா தானா ஏரிக்கரையில வந்து முடியும். திரும்பறதுக்கு அங்கேயே இருக்கற கோமோ லாகோ ஸ்டேஷன்ல மிலன் காதோர்னாவுக்கு ரயில், ஒரு மணி நேரம். ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காதீங்க, ரெண்டும் வேற வேற லைன், தனித்தனி ஒன்வே எடுங்க. காலையிலயே கிளம்பிடுங்க, மத்தியானம் சர்ச்சைச் சாத்தி வைக்கற வழக்கம் இத்தாலி முழுக்க உண்டு. வெயில் காலமா இருந்தாலும் தோளும் முட்டியும் மூடற மாதிரி டிரஸ் போட்டுக்கோங்க.