ஏற்காட்டில் புதர் அழிக்க எந்த மாதம் நல்லது? மல்ச்சரோடு என் ஐந்து வருட அனுபவம்

நாகலூர் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் பழைய காபித் தோட்டம் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு பத்து வருடம் யாரும் கவனிக்கவில்லை. உண்ணிச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கால் வைக்க முடியாமல் போனது. ஜேசிபி விட்டு வழித்தால் சரிவிலுள்ள செம்மண் ஒரே மழையில் ஓடைக்குப் போய்விடும் என்ற பயத்தில்தான் மல்ச்சர் எடுத்தேன். சின்ன பொக்லைன் கையில் மாட்டிய பல் உருளை, புதரை நின்ற இடத்திலேயே அரைத்துத் தரையில் பரப்பிவிடும். வேர் மண்ணைப் பிடித்தபடி உள்ளேயே இருக்கும்.

2020இல் முதல் தடவை. வாடகைக்கு வண்டி கிடைத்தது ஐப்பசியில். "அண்ணா, ஈரம் அதிகமா இருக்கு, வண்டி உக்காந்துருங்க" என்று ஆபரேட்டர் தம்பி சொன்னார். நான் கேட்கவில்லை. மதியத்துக்குள் வண்டி முழங்கால் ஆழம் புதைந்தது. அதை மீட்கவே ஒரு பகல் போய்விட்டது, வாடகை மணிக்கணக்கு. அதைவிடப் பெரிய நஷ்டம், அப்போது செடியில் பழம் கருத்துக் கிடந்ததுதான். உருளை அதையும் சேர்த்து நாலாபக்கமும் வீசியது. மார்கழிக்குள் அடிக்கட்டையெல்லாம் துளிர்த்தது, நடுவில் புது நாற்றுகள் வேறு.

அடுத்து 2022, சித்திரை. காய்ந்திருந்தால் சுலபம் என்று நினைத்தேன். காய்ந்த தண்டு விறகு மாதிரி, அரைபடாமல் சிம்பு சிம்பாகத் தெறித்தது. பல் ஒரு பாறையில் உரசித் தீப்பொறி பறந்து சருகு பற்றிக்கொண்டது. இரண்டு குடம் தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததால் அணைத்தோம். அன்று அரைத்த புதரில் குஞ்சுகளோடு ஒரு கொண்டைக்குருவிக் கூடு இருந்தது. அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டேன். கோடையில் இந்த வேலையை இனி செய்ய மாட்டேன்.

2023இல் தை கடைசி வாரம் தொடங்கி மாசி முதல் வாரத்தில் முடித்தோம். வடகிழக்கு மழை முடிந்து மேல்மண் இறுகியிருந்தது, ஆனால் தண்டில் பச்சை இருந்தது. பச்சைத் தண்டுதான் பொடியாக அரைபடுகிறது. காபிப் பறிப்பும் முடியும் நேரம் என்பதால் ஆள் கிடைத்தார்கள். பங்குனி, சித்திரையில் காபியைப் பூக்க வைக்கும் பூ மழை விழுவதற்குள் காபிச் செடிப் பக்கம் வண்டி போய்வந்த சுவடே இல்லை. பனி விலகி ஈரம் உலரக் காலை ஒன்பதரை ஆகிவிடும், அதற்கு முன்னால் வண்டியைச் சரிவில் இறக்காதீர்கள்.

மெஷின் வேரைக் கொல்லாது. இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கோடை மழை பெய்து மண் இளகியதும் வைகாசியில் மூன்று ஆட்களோடு இறங்கினோம். துளிர்த்த கட்டை ஒவ்வொன்றையும் கடப்பாரையால் நெம்பி, மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்டிக் கவிழ்த்துப் போட்டோம். மண்மட்டத்தோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இந்த ஆழத்துக்குக் கீழே வெட்டினால் பெரும்பாலும் வராது. தை மாத அரைப்பும் இந்த வைகாசி வேலையும் ஒரு ஜோடி. இரண்டாவதை விட்டால் முதலாவதுக்குச் செலவழித்த பணம் வீண்.

அன்று, தையில் மெஷின் அரைத்துப் பரப்பிய கூளத்தை ஓரிடத்தில் கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே பழுப்பு, அடியில் கறுப்பு, நடுவே நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை. மண்புழு நெளிந்தது. இந்தக் கூளத்தை அவசரப்பட்டு மண்ணோடு உழுதுவிட வேண்டாம். மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது எடுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் மண்ணையும் காக்கும், தானாகவும் மட்கும்.

அப்புறம், வண்டியைச் சேலத்திலிருந்து லாரியில்தான் ஏற்ற வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவு. மே மாதக் கூட்டத்தில் அது பெரிய அவஸ்தை. தையில் ஒரு வேலைநாளாகப் பார்த்து விடியற்காலையில் ஏற்றிவிட்டால் சிரமமில்லை.

இப்போது மூன்று ஏக்கர் சுத்தம், வருடத்துக்கு இரண்டு நாள் கைவேலை போதும். ஓடைக்கரை அரை ஏக்கரில் மட்டும் மெஷினை இறக்கவில்லை. அங்கே சரிவு செங்குத்து. வைகாசி ஈரத்தில் கடப்பாரையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவருகிறோம்.