பள்ளி நிர்வாகிக்கு எந்த மேற்படிப்பு: கல்வித் தலைமை முதுகலையா, எம்.பி.ஏ.வா, முனைவர் பட்டமா?

ஆசிரியராக இருந்து துணை முதல்வராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ உயர்ந்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று தேடினால் மூன்று வழிகள்தாம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று, கல்வித் தலைமைத்துவத்தில் முதுகலை. இடத்துக்கு இடம் எம்.எட்., எம்.ஏ., எம்.எஸ். என்று பெயர் மாறும். இரண்டு, எம்.பி.ஏ. மூன்று, எட்.டி. அல்லது பிஎச்.டி. என்னும் முனைவர் பட்டம். நான் வேலையில் இருந்தபடியே முதலாவதைப் படித்து முடித்தேன். அதில் எனக்கு நிறைவு உண்டு, ஆகவே என் சாய்வு அந்தப் பக்கம்தான். அப்படிச் சாய்வதற்கு உண்மையில் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்கே போகும்.

கட்டணம், காலம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. முதுகலை பகுதிநேரமாக இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும், முனைவர் பட்டம் அதைவிட இழுக்கும், எம்.பி.ஏ.வுக்குப் பெரும்பாலும் செலவு கூடுதல். முதல்வர் பதவிக்கு நீங்கள் இருக்கும் இடத்தில் உரிமம் கட்டாயம் என்றால், எந்தப் படிப்பு அதற்குச் செல்லும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இந்த விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கிய தலைமையாசிரியர் தகுதிச் சான்று, முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு 2009-இல் கட்டாயமானது. 2012-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். யாரோ முன்பு சொன்ன விவரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

எம்.பி.ஏ.வை நான் மட்டம் தட்ட மாட்டேன். வரவு செலவுத் திட்டம், பணியாளர் ஒப்பந்தம், பல வளாகங்களை ஒருசேர நடத்துவது போன்றவற்றில் அது தரும் பயிற்சி கல்வித்துறைப் படிப்புகளில் கிடைக்காது. என் முதுகலையில் நிதி மேலாண்மை ஒரே ஒரு தாளாகத்தான் வந்தது, அது போதவில்லை. பண ஓட்டமும் தணிக்கையும் பள்ளிக் கணக்காளரின் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவைதான். பள்ளிக் குழுமத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போக நினைப்பவர் தயங்காமல் எம்.பி.ஏ. எடுக்கலாம்.

ஒரே பள்ளிக்குள் முதல்வராக இருக்கப்போகிறவருக்குக் கணக்கு வேறு. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு, தலைமைப் பணியின் ஐந்து கூறுகளை மாணவர் அடைவோடு பொருத்திப் பார்த்தது. ஆசிரியர்களின் கற்றலை முன்னெடுத்து, முதல்வர் தாமும் அதில் உட்கார்ந்து பங்கெடுப்பதற்குக் கிடைத்த விளைவளவு (எண் பெரிதானால் தொடர்பு வலுவானது) 0.84. வளங்களைத் திட்டமிட்டு ஒதுக்குவதற்கு 0.31. ஒழுங்கும் ஆதரவும் நிறைந்த சூழலுக்கு 0.27. அந்த 0.84 குறைந்த எண்ணிக்கையிலான ஆய்வுகளின் மேல் நிற்கிறது, அதனால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, வகுப்பறைப் பக்கமே திரும்பாத ஒரு படிப்பு முதல்வருக்குப் பாதி வேலையைத்தான் கற்றுத்தரும் என்றே எனக்குப் படுகிறது.

முனைவர் பட்டத்தில் இரண்டு கிளைகள். பிஎச்.டி. ஆராய்ச்சியாளருக்கானது, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் எண்ணம் இருந்தால் அதுதான் வழி. எட்.டி. பணியில் இருப்பவருக்கானது என்று சொல்லப்பட்டாலும், அதுவும் பிஎச்.டி.யின் சாயலிலேயே நெடுங்காலம் நடந்தது. அமெரிக்காவின் கல்வித் தலைமைப் படிப்புகளை ஆராய்ந்த ஆர்தர் லெவின், 2005-இல் எட்.டி.யை நிறுத்திவிட்டு எம்.பி.ஏ. போன்ற தொழில்முறை முதுகலை ஒன்றைக் கொண்டுவரலாம் என்றே பரிந்துரைத்தார். 2007-இல் கார்னகி பெயரில் தொடங்கிய திட்டம் ஒன்றில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எட்.டி.யைத் திருத்தி அமைக்க முனைந்தன. பணியிடத்தில் கண்ணெதிரே இருக்கும் சிக்கலையே ஆய்வேடாக எடுக்கும் முறை அதனால் பரவியது. ஹார்வர்டு 2010-இல் முதல் அணியைச் சேர்த்துக்கொண்ட எட்.எல்.டி. என்னும் கல்வித் தலைமை முனைவர் படிப்பில் மூன்றாம் ஆண்டு முழுக்க ஒரு கல்வி அமைப்புக்குள் வேலை செய்ய வேண்டும்.

முனைவர் பட்டத்தை நான் வெளியே நின்று பார்த்தவன்தான் என்பதால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். படித்த சக முதல்வர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்கள்: பாடத்தாள்கள் முடிகிறவரை வண்டி ஓடுகிறது, ஆய்வேட்டுக் கட்டத்தில் பள்ளி வேலை வந்து மேலே விழுகிறது. தேர்வுக் காலம், சேர்க்கைக் காலம் இரண்டிலும் ஒரு வரிகூட எழுத முடிவதில்லையாம். முடித்தவர்களுக்குத் தரவைப் படிக்கும் கண் நன்றாகத் திறந்திருக்கிறது, அதையும் பார்க்கிறேன்.

இனி அந்த ஒரே காரணம். மேற்பார்வையுள்ள களப்பயிற்சிதான் அது. நீங்கள் தலைமை வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, அந்த வேலையைத் தெரிந்த ஒருவர் நேரில் வந்து பார்த்து, குறிப்பெடுத்து, உங்களோடு உட்கார்ந்து பேசுகிறாரா? எனக்குக் கிடைத்த வழிகாட்டி முன்பு முதல்வராக இருந்தவர். நான் ஒரு கணித வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதிய உற்றுநோக்கல் குறிப்பை வாங்கி, ‘ஆசிரியர் நன்றாகக் கேள்வி கேட்டார்’ என்ற வரிக்குக் கீழே கோடு போட்டார். எத்தனை கேள்வி, யாரிடம், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேட்டார். அடுத்த வகுப்பில் என் குறிப்பு இப்படி மாறியது: ‘பின்னம். பதினொரு கேள்வி. ஒன்பதுக்கு முன்வரிசையே பதில். கேட்டு ஒரு விநாடிக்குள் அடுத்த பிள்ளையின் பெயர்.’ கேள்விக்குப் பிறகு மூன்று விநாடியாவது காத்திருந்தால் பிள்ளைகளின் பதில்கள் நீளும், வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்குவார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டியிருக்கிறார். பாடத்தாளில் அதைப் படித்தபோது ஒரு தகவலாகத்தான் இருந்தது. கையில் அந்தப் பக்கத்தோடு ஆசிரியையின் எதிரே உட்கார்ந்தபோதுதான் அது பேசுவதற்கான விஷயம் ஆனது.

அந்தப் பேச்சின்போதும் வழிகாட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். யார் எவ்வளவு நேரம் பேசினோம் என்று மட்டும் குறித்துக்கொண்டு, முடிந்ததும் தாளை என்னிடம் நீட்டினார். இப்படி ஒரு தாளை வேறு எந்தப் படிப்பும் எனக்குத் தந்திருக்காது.

இதன் அருமைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஜேசன் கிரிஸ்ஸம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மயாமி பகுதியில் ஏறத்தாழ நூறு முதல்வர்களின் வேலைநாளை மூன்று கல்வியாண்டுகளில் முழுநாள் உடனிருந்து நேரில் கவனித்த தரவு இருக்கிறது. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்றுவிப்பதில் முதல்வர் செலவிட்ட நேரம் மாணவர் முன்னேற்றத்தோடு சேர்ந்து போனது. வகுப்புகளைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருவதில் போன நேரம் எதிர்த்திசையில் போனது, குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில். வகுப்பறைக்குள் போவது மட்டும் போதாது, போய்வந்த பிறகு ஆசிரியரிடம் என்ன பேசுகிறோம் என்பதில்தான் பலன் என்று நான் இதைப் படிக்கிறேன். அந்தப் பேச்சு புத்தகத்தில் வராது. யாராவது பக்கத்தில் இருந்து திருத்தினால்தான் வரும்.

எல்லா முதுகலையிலும் இது கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல இடங்களில் களப்பயிற்சி என்பது மணிநேரப் பதிவேடு மட்டும். சொந்தப் பள்ளியிலேயே, சொந்த முதல்வரின் கையெழுத்தோடு, ஏற்கெனவே செய்துவரும் வேலையே பயிற்சியாகப் பதிவாகிவிடும். பேருந்துக் கண்காணிப்பு, பதிலாசிரியர் அட்டவணை, விழா ஏற்பாடு என்று பக்கங்கள் நிரம்பும், புதிதாக எதுவும் கற்றிருக்க மாட்டோம். அப்படிப்பட்ட முதுகலைக்கும் நல்ல எட்.டி.க்கும் இடையே தேர்வு என்றால் நானே எட்.டி. பக்கம் போய்விடுவேன். சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகம், முதல்வர்களை உருவாக்கும் தன் எட்.டி.யில் ஓராண்டு முழுநேரமாகப் பள்ளியில் வேலை செய்தபடியே பெறும் பயிற்சியை நடுநாயகமாக வைத்திருக்கிறது. பட்டத்தின் பெயர் இரண்டாம்பட்சம்தான் என்பதற்கு அது போதும்.

எனவே சேர்க்கை அலுவலகத்தில் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட இவற்றைக் கேளுங்கள். களத்துக்கு யார் வருவார்? அவர் பள்ளி நடத்தியவரா? பருவத்துக்கு எத்தனை முறை வருவார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் இருப்பார்? வேறொரு பள்ளியிலும் சில வாரம் இருக்க முடியுமா? முடித்த மாணவர் யாரையாவது கூப்பிட்டு, வழிகாட்டி எழுதிக்கொடுத்த பின்னூட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ‘களப்பயிற்சியை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்’ என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இணையவழிப் படிப்பைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது, நான் படித்தது நேரடி வகுப்பு. ஆசிரியரோடு நடக்கும் உரையாடலைக் காணொளியாக எடுத்து அனுப்பி, வழிகாட்டி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லும் முறை சில இடங்களில் இருக்கிறது. அப்படி இருந்தால் தூரம் பெரிய தடையாக இராது என்று தோன்றுகிறது. வெறும் விவாதப் பலகையில் எழுதி மதிப்பெண் வாங்கும் படிப்பானால் எனக்கு ஆர்வம் இல்லை.

சேர்வதென்று முடிவானால், பணம் கட்டும் முன் உங்கள் பள்ளி நிர்வாகத்திடம் வாரத்தில் சில மணிநேரம் அன்றாட வேலையிலிருந்து விடுவிப்பதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்புதல் முதல் பருவத்தேர்வு வருகிறவரைதான் தாங்கும். அதற்குப் பிறகு வழிகாட்டி வரும் நாளில் நீங்கள் விடைத்தாள் அறையில் இருப்பீர்கள்.