வீட்டு வாசலா, கடையா, லாக்கரா: எந்த டெலிவரியில் புகை குறைவு?

பார்சலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட ஒரே இடத்தில், அதாவது ஒரு கடையிலோ, வாங்குபவரே வந்து திறந்து எடுத்துக்கொள்ளும் அறைகள் கொண்ட பார்சல் லாக்கரிலோ, மொத்தமாக இறக்கிவிட்டால் புகை குறையும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மைதான். மீதிப் பாதி, வாங்குபவர் அந்த இடத்துக்கு எப்படி வருகிறார் என்பதில் இருக்கிறது.

ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் டீசல் வேன், 120 பார்சல்களை வீடுகளுக்குக் கொடுக்க 60 கி.மீ. சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படியானால் பார்சலுக்கு ஏறக்குறைய 135 கிராம். அதே 120 பார்சல்களையும் சில லாக்கர்களில் மட்டும் இறக்கினால் 25 கி.மீ. போதும் என்றால், பார்சலுக்கு 55 கிராம் சொச்சம். மிச்சம் 80 கிராம்.

இப்போது வாங்குபவர் லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காரில் கிளம்புகிறார். கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம். அரை கிலோமீட்டர் ஓடினாலே அந்த 80 கிராம் காலி! போக 250 மீட்டர், வர 250 மீட்டர், அவ்வளவுதான். வேனும் மின்சார வேனாக இருந்துவிட்டால் மிச்சம் இன்னும் சுருங்கும். கார் பயணம் முழு நஷ்டம். நடந்தோ சைக்கிளிலோ வந்தால், அல்லது வேலை முடிந்து திரும்பும் வழியிலேயே எடுத்துக்கொண்டால், லாக்கருக்கே வெற்றி. வீட்டில் ஆள் இல்லாமல் வேன் மறுநாளும் வரவேண்டிய தொல்லையும் இல்லை.

சரி, கடையா லாக்கரா? ஏற்கெனவே இருக்கும் கடையின் அலமாரியில் பார்சலை வைப்பதற்குப் புதிய பெட்டி தேவையில்லை, தனி மின் இணைப்பும் தேவையில்லை. பெரிய பார்சலையும் ஒரு மூலையில் சாய்த்து வைக்கலாம். ஆனால் கடை மூடியபின் ஒன்றும் நடக்காது; பண்டிகைக் காலத்தில் இடமும் போதாது. லாக்கர் இரவு பகல் திறந்திருக்கும். ஜெர்மனியில் 2001-லும் போலந்தில் 2009-லும் தொடங்கிய லாக்கர் சேவைகள் இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதன் பலவீனம் வேறு இடத்தில். 60 அறைகள் கொண்ட லாக்கரில் ஒவ்வொருவரும் 3 நாள் கழித்து எடுத்தால், நாளுக்கு 20 பார்சல்தான் உள்ளே போகும். ஒரே நாளில் எடுத்தால் 60. புது லாக்கர் வாங்குவதற்கு முன், வைத்திருக்கும் காலத்தைக் குறைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான போட்டி. அதற்கு இரண்டு பழைய கணித வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லோருக்குமான சராசரித் தூரத்தைக் குறைப்பது. மற்றொன்று, குறிப்பிட்ட தூரத்துக்குள் எத்தனை பேரைச் சேர்க்க முடியுமோ அத்தனை பேரைச் சேர்ப்பது. இந்த இரண்டாவது வழியை ரிச்சர்ட் சர்ச், சார்ல்ஸ் ரெவெல் என்ற ஆய்வாளர்கள் 1974-இல் முன்வைத்தார்கள். பசுமைதான் நோக்கம் என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ஏனென்றால் மனிதர்கள் சராசரிக் கணக்குப்படி நடப்பதில்லை. 300 மீட்டர் என்றால் நடப்பவர், 900 மீட்டர் என்றால் சாவியைத் தேடுவார். சராசரி 600 மீட்டர் என்று காட்டும் திட்டம் இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அதற்காக வரைபடத்தில் வட்டம் போட்டால் மட்டும் போதாது. நடுவில் ரயில் பாதையோ கடக்க முடியாத நெடுஞ்சாலையோ இருந்தால் 300 மீட்டர் ஒரு கிலோமீட்டராகும். நடக்கும் பாதையை அளக்க வேண்டும். அப்புறம், பெரிய கார் நிறுத்தம் உள்ள இடத்தைவிட ரயில் நிலைய வாசல் எப்போதும் மேல். கார் நிறுத்தம் காரைத்தானே அழைக்கும்?

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி லாக்கர் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான லாக்கர் என்றால், அதே எண்ணிக்கையை நெருக்கமாகப் பரப்பி, அதிகம் பேருக்கு நடக்கும் தூரத்தில் வைக்கலாம். போட்டி நிறுவனத்துடன் பெட்டியைப் பகிர யாருக்கும் ஆசையில்லை என்பதுதான் சிக்கல். இடம் கொடுக்கும்போதே நகராட்சி அதை நிபந்தனையாக்கலாம்.

வீட்டு டெலிவரியை ஒழிக்க வேண்டியதில்லை. முதியவர்கள், நடக்க இயலாதவர்கள், கனமான பார்சல்கள், வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் புறநகர்: இங்கெல்லாம் பலருக்கும் ஒரே சுற்றில் கொடுக்கும் வேன்தான், ஆளுக்கொரு காரைவிடப் பசுமையானது. நெருக்கமான நகர மையத்தில் அந்த வேனுக்குப் பதில் சரக்கு சைக்கிள் இன்னும் நல்லது.