வேளச்சேரி வீட்டில் மேடுபள்ளத் துணிகள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சொரசொரப்பும் மேடுபள்ளமும் உள்ள துணிகளுக்கு இப்போது நல்ல மவுசு. தி.நகர் கடைகளில் சோபா உறை, படுக்கை விரிப்பு, குர்தா என்று எதை எடுத்தாலும் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற அட்டையும் பலவற்றில் தொங்குகிறது. நான் அட்டையைப் படிப்பதில்லை. அந்த மேடுபள்ளம் நெசவிலேயே உண்டானதா, பின்னால் ஏற்றியதா என்றுதான் பார்ப்பேன். போர்வெல் உப்புத் தண்ணீரில் துவைத்து, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காயவைத்துப் பார்த்ததில், ஒரு துணியின் ஆயுள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. கூடத்தில் நீண்ட முடி வைத்த பாலியஸ்டர் கம்பளம் ஒன்றும், பவானி ஜமக்காளம் ஒன்றும் கிடந்தன. அந்த மாதிரிக் கம்பளத்தில் முடியை நெய்வதில்லை. அடித்துணியில் ஊசியால் குத்தி இறக்கி, பின்பக்கம் லேடெக்ஸ் பசை பூசி நிறுத்துகிறார்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறியதும் பசை உரிந்தது, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. பழந்துணி எடுப்பவரும் வேண்டாம் என்றுவிட்டார். பாலியஸ்டரும் பசையும் ஒட்டிக் கிடந்தால் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. குப்பை வண்டியில்தான் ஏற்றினோம்.

ஜமக்காளத்தை மொட்டை மாடியில் போட்டு அலசினோம். சிவப்புச் சாயம் பக்கத்துப் பட்டையில் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். இன்றும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதன் வரிவரியான மேடு, தடித்த ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, நெருக்கி அடித்துப் பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, மறைப்பதால் வருவது. பசைக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டமும் 1985 முதல் இருக்கிறது. அப்படியும் விசைத்தறி விரிப்பைப் பவானி என்று சொல்லி விற்கிறார்கள். தறிக்காரர் பிழைப்பில் கைவைக்கிற காரியம் அது, எனக்குக் கோபம் வருகிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

துண்டு விஷயத்தில் சென்னைக்குத் தேங்காய்ப்பூ துண்டு ஒத்துவரவில்லை. நூல் வளையங்கள் தண்ணீரை நன்றாக இழுக்கும், ஆனால் மழைக்காலத்தில் விடாது. இரண்டாம் நாளே முடைநாற்றம். உப்புத் தண்ணீரில் வளையங்கள் விறைத்துப்போகின்றன. மிருதுவாக்கும் திரவம் ஊற்றினால் நூலின் மேல் படலம் படிந்து ஈரம் இழுப்பது குறைகிறது. ஈரிழைத் துண்டும், தேன்கூடு போல் கட்டம் கட்டமாக நெய்த வாஃபிள் துண்டும் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடுகின்றன. வாஃபிள் முதல் துவையலில் நன்றாகச் சுருங்கும், ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். கிழிந்தபின் அடுப்படித் துணியாக அது இன்னும் நெடுநாள் வரும்.

உடுப்பில் என் முதல் தேர்வு சீர்சக்கர் சட்டை. பாவு நூலில் சில வரிசைகளை இறுக்கமாகவும் சில வரிசைகளைத் தளர்வாகவும் விட்டு நெய்வதால் தளர்ந்த பட்டைகள் சுருங்கி எழும்பி நிற்கின்றன. துணி முதுகில் முழுதாக ஒட்டாது, வியர்வைக்குக் காற்று போகும். எங்கள் வீட்டில் அந்தச் சட்டைகள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. சூடேற்றிச் சுருக்கம் பதித்த பாலியஸ்டர் சட்டையும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். சுருக்கம் போகாது, ஆனால் வியர்வையையும் இழுக்காது. கார்டுராய் இந்த ஊர் வெயிலுக்கு வேண்டாம்.

செனில் சோபா உறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு நூல்களை முறுக்கி நடுவில் குட்டை இழைகளைச் செருகியதுதான் செனில் நூல். உட்காரும் இடத்தில் அந்த இழைகள் கழன்று வழுக்கையாகிறது. எங்களுடையது பாலியஸ்டர். உதிர்ந்த இழை துவைத்த தண்ணீரோடு நுண்ணிழையாகப் போகிறது, மக்குவதும் இல்லை.

பருத்தி என்பதற்காக எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதனால் மெத்தை உறை, தலையணை உறை எல்லாவற்றுக்கும் சாயம் போடாத, வெளுக்காத காடாத் துணிக்கு மாறிவிட்டோம். மூலையை நனைத்துக் கசக்கிப் பார்த்தால் துணியில் கஞ்சி எவ்வளவு என்று ஓரளவு தெரியும். கஞ்சி போனதும் தொளதொளவென்று ஆகிற துணியை எடுக்காதீர்கள்.

திரைச்சீலைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மேற்கு ஜன்னல் வெயிலில் கனமான கைத்தறிப் பருத்திகூட மடிப்பு விளிம்புகளில் இற்றுப்போகிறது. ஜன்னல் பக்கம் காடாத் துணி கொடுத்துத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். வெயில் அந்தக் காடாவைத்தான் முதலில் தின்னும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.