டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ்: கூட வர்றவங்களுக்காகவே ஆடலாம்

2009ல பயோவேர் கம்பெனி விட்ட ரோல்-பிளேயிங் கேம், இப்ப மூணாவது தடவை முடிச்சேன், இன்னும் அலுக்கல. நம்மளோட சேத்து நாலு பேர்தான் சண்டைக்குப் போக முடியும், ஆனா யார் எப்ப என்ன செய்யணும்னு டாக்டிக்ஸ்ங்கற மெனுல முன்னாடியே போட்டு வச்சிடலாம், உயிர் பாதிக்கு கீழ போனா மருந்து குடி, எவனாவது கிட்ட வந்தா கேடயத்தால அடின்னு, அது சரியா வேலை செய்யறப்ப வர்ற சந்தோஷமே தனி!! ராஜாவைப் போர்க்களத்துல கைவிட்ட தளபதி லோகைனை உயிரோட விட்டு நம்ம கூட சேத்துக்கிட்டா நம்ம கூட்டாளி அலிஸ்டர் நம்மள விட்டுப் போயிடுவான், அவன் பக்கம்தான் நியாயம், முதல் தடவை ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். டீப் ரோட்ஸ்ங்கற பாதாளச் சுரங்கப் பகுதி மட்டும் ரொம்ப நீளம். இதே பயோவேரோட இன்னொரு கேமான மாஸ் எஃபெக்ட் 2லயும் கூட்டாளிங்க அருமை, ஆனா ரெண்டு பேரத்தான் கூட்டிட்டுப் போகலாம், எனக்கு அது பத்தல.