நாய்க்கும் டிக்கெட் விற்றார்கள், நாயை உள்ளே விடவில்லை: ஆறு டிக்கெட் பணம் போச்சு

நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போக 'டே பேக்கேஜ்' தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நேற்று ஆறு டிக்கெட் பணம் போனது. நாலு ஆளுக்கு, இரண்டு நாய்க்கு. தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு நாள் சுற்றுலாக்களை ஆன்லைனில் விற்கும் தளம், அவ்வளவுதான்.

திட்டம் இதுதான்: காலையில் இரண்டு மணி நேரம் கடற்கரை, பிறகு அக்வேரியம், சாயங்காலம் நாய்ப் பூங்கா. எல்லாமே 'பெட் ஃப்ரெண்ட்லி'. அக்வேரியம் என்றதும் சந்தேகம் வந்தது உண்மை. வளர்ப்பு நாய்களை அங்கே பெரும்பாலும் விடமாட்டார்கள், பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்குத்தான் வழி உண்டு. அதனால் பணம் கட்டும் முன்பே சாட்டில் கேட்டாகிவிட்டது. ஒரே நிமிடத்தில் பதில்: "டாக்ஸும் உள்ளே வரலாம் சார், தனி டிக்கெட்டே அதுக்குத்தானே." கூடவே ஒரு போட்டோ. நாய்க்கென்று தனி டிக்கெட் விற்கிறவன் வாசலில் நாயை நிறுத்தவா போகிறான்? அந்த ஒரு நினைப்பில்தான் ஏமாந்தது.

அந்த போட்டோவை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெரிய தொட்டி, சுறா, முன்னால் ஒரு லாப்ரடார். தொட்டி ஹால் இருட்டாக இருக்கும், வெளிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து வரும். அவ்வளவு பக்கத்தில் நிற்கும் நாயின் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்திருக்க வேண்டும், கண்ணாடியில் அதன் பிம்பம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். இதில் பிம்பமே இல்லை, நாயின் முதுகில் வெயில் அடிக்கிறது. எங்கோ புல்வெளியில் எடுத்த நாயை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அக்வேரியம் வாசலில் காவலாளி நாய்களைப் பார்த்ததும் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைக் காட்டினார். அவர் மேல் தப்பே இல்லை. மூடிய ஹாலில் நாய் குரைத்தால் எதிரொலித்துப் பெரிதாகும், கூட்டமும் மிரளும், நாயும் மிரளும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் இருக்கும். இறால், நண்டு மாதிரி ஓடுடைய நீர் உயிர்களுக்கு அவை கடும் விஷம். மருந்து விட்ட நாயைத் தடவிய கையோடு நீர் உயிர்களைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் தொட்டியில் கை விடுவதே கூடாது. இதெல்லாம் நாய் டிக்கெட் விற்றவனுக்குத் தெரியாதா?

தளத்துக்குப் போன் போட்டால், "பக்கத்தில் கென்னல் இருக்கு, விட்டுட்டுப் போங்க" என்றார்கள். நாய்களை விட்டுவிட்டுப் போகும் காப்பிடம் அது. தகரக் கூரை, கம்பிக் கூண்டுகள் வரிசையாக, நடுவில் தடுப்பே இல்லை. தாழ்ப்பாளைத் தொட்டால் சுட்டது. தண்ணீர்ச் சட்டி காய்ந்து, உள்ளே பச்சையாகப் பாசிக்கோடு. தடுப்பூசி அட்டையைக் கேட்க ஆளே இல்லை. கென்னல் காஃப் என்ற நாய் இருமல் நோய் காற்றிலேயே பரவும், ஒரு நாய் இருமினால் போதும். ஒழுங்கான இடம் என்றால் ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, கென்னல் காஃப் நான்குக்கும் தடுப்பூசி போட்ட தேதியைப் பார்க்காமல் கதவையே திறக்கமாட்டார்கள்.

அடுத்த யோசனை அதைவிட மோசம்: "கார்ல விட்டு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்க சார்." வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் பெரிதாகக் குறையாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், அடைத்த காரில் அதுவும் பலிக்காது. சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும் உடல் சூடு 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் இன்னும் சீக்கிரம். ஆறு டிக்கெட்டுக்காக நாயைக் காரில் பூட்ட முடியுமா?

இரண்டு இரண்டு பேராக உள்ளே போகலாம் என்றால், டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கிறது. இந்தப் பேச்சிலேயே அந்த நேரம் கடந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அலைக்கழிப்பு. முதலில் பேசியவர் "ஆபரேட்டரைக் கேளுங்க" என்றார். சுற்றுலாவை நடத்தும் அந்த ஆபரேட்டர் "நீங்க பணம் கட்டினது தளத்துக்கு, எங்களுக்கில்ல" என்று கைவிரித்தார். மறுபடி தளம். இந்தமுறை, "சிஸ்டத்துல நீங்க வரலைன்னு இருக்கு, வராதவங்களுக்கு ரீஃபண்ட் கிடையாது." வாசலில் நின்றவர்களைப் பார்த்து வரவில்லை என்கிறார்கள்! நாய் டிக்கெட்டாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, அது கடற்கரைக்கும் சேர்த்ததாம். அந்தக் கடற்கரையில் குடிக்க நல்ல தண்ணீர்கூட வைக்கவில்லை. உப்புத் தண்ணீரை நக்கிய ஒரு நாய்க்கு ராத்திரி முழுக்கப் பேதி. ஆறு டிக்கெட், முழுசாக.

விவரமாக டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தது, இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. நாயை விடுவார்களா என்று தளத்தைக் கேட்காதீர்கள், அக்வேரியத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாட்டை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எங்களுடையது மறுநாள் மறைந்துவிட்டது. வாசலில் திருப்பி அனுப்பினால் பலகையையும் நாயையும் சேர்த்து, நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் தளத்தோடு மல்லுக்கட்டாமல் உடனே வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறுவது) கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

புகார் கொடுத்தாகிவிட்டது. காலையிலிருந்து 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. அந்த லாப்ரடார் போட்டோவும் அதே பேக்கேஜும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.