முடிக்காமல் விற்ற வால்வோ, காத்திருந்த போர்ஷே

மின்காரின் மென்பொருள் குறித்த நாளில் தயாராகாவிட்டால் நிறுவனத்துக்கு இரண்டு வழிகள்தான் உண்டு: காரைத் தாமதிப்பது, அல்லது குறையோடு விற்றுவிட்டுப் பிறகு இணையவழிப் புதுப்பிப்பால் சரிசெய்வது.

வால்வோ இ.எக்ஸ்.90 விஷயத்தில் இரண்டுமே நடந்தன. 2022 நவம்பரில் அறிமுகமான இந்தக் காரின் உற்பத்தியை, மென்பொருள் பணிகளுக்குக் கூடுதல் காலம் தேவை என்று கூறி 2024-க்குத் தள்ளிவைத்த பிறகும், முதல் வாடிக்கையாளர்களின் கைக்கு அது முழுமையாகப் போய்ச் சேரவில்லை. முன்கண்ணாடிக்கு மேலே, கூரையில் புடைத்து நின்ற லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளந்து சுற்றுப்புறத்தை அறியும்) கருவியைப் பாதுகாப்பின் அடையாளமாகவே விளம்பரப்படுத்தினார்கள். ஆனால் விற்பனை தொடங்கியபோது அது செயல்படவே இல்லை. ஐபோன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளேயும் அப்போது கிடையாது. முதலில் விற்ற கார்களின் மையக் கணினியையே இலவசமாக மாற்றித் தருவதாக 2025-இல் வால்வோ அறிவித்ததைப் பார்த்தால், புதுப்பிப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற வாக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பது தெரிகிறது.

போர்ஷேயின் மகான் (Macan) மின்காரோ காத்திருந்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் பிரிவான காரியாட் தாமதித்ததால், கார் 2024 ஜனவரியில்தான் வெளியிடப்பட்டது. குழுமத் தலைவர் ஹெர்பர்ட் டீஸ் 2022-இல் பதவி இழந்ததற்கு இந்தத் தாமதங்களும் ஒரு காரணமாகப் பேசப்பட்டன. இழப்பு பெரிதுதான், ஆனால் அது நிறுவனத்தின் கணக்கில் விழுந்தது. இ.எக்ஸ்.90-இலோ, முழு விலை கொடுத்தவரே சோதனை ஓட்டுநராகவும் ஆனார். ஆகவே என் தேர்வு மகான்தான். 2025 மாடல் இ.எக்ஸ்.90-ஐப் பழையதாக வாங்க நினைப்பவர், கணினி மாற்றப்பட்டுவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.